இரண்டு கடல், இரண்டு காற்று: இராமேசுவரத்துக்கு எப்போது போவது?

இராமேசுவரம், தனுஷ்கோடி போக எந்த மாதம் நல்லது என்று தேடிப் பாருங்கள். சுற்றுலாக் கையேடுகளில் பெரும்பாலும் ஒரே பதில்தான் இருக்கும்: அக்டோபர் முதல் மார்ச் வரை. வெயில் குறைவு, இதமான காற்று என்று காரணமும் போட்டிருப்பார்கள். இந்தப் பதில் ஜெய்ப்பூருக்கும் ஆக்ராவுக்கும் சரி. பாக் நீரிணைக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் நடுவில் கிடக்கும் ஒரு மணல் தீவுக்கு இதை அப்படியே சொல்வது எனக்குப் பெரிய கவலையைத் தருகிறது. அந்த ஆறு மாதத்துக்குள் இந்தக் கரையின் மிக அமைதியான பிப்ரவரியும் இருக்கிறது, மிகக் கொந்தளிப்பான நவம்பரும் இருக்கிறது. தனுஷ்கோடியை அழித்த புயல் கரையேறியது 1964-இல், டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி. கையேடு சொல்லும் 'நல்ல பருவத்தின்' நட்டநடுவில்தான் அந்த இரவு வருகிறது.

குளிரையும் வெயிலையும் மட்டும் பார்த்துப் பருவத்தைத் தேர்ந்தெடுப்பது மலைவாசத்தலத்துக்குப் போதும். கடற்கரையில் முதலில் பார்க்கவேண்டியது காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை. அடுத்து, அந்த மாதத்தின் வானிலை வருடத்துக்கு வருடம் எவ்வளவு மாறுகிறது என்பதை. வெப்பநிலை மூன்றாவதுதான்.

மழையிலிருந்து தொடங்குவோம். இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 80 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. அதில் அறுபது விழுக்காடு அளவுக்கு அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்று மாதங்களிலேயே கொட்டிவிடும். நாட்டின் பெரும்பகுதி நனைகிற ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே வானம் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தை மேற்குத்தொடர்ச்சி மலையின் கேரளச் சரிவில் இறக்கிவிட்டு, உலர்ந்த காற்றாக மலையின் இந்தப் பக்கம் இறங்குகிறது. இறங்கும் காற்று சூடேறும், சூடேறிய காற்றில் மேகம் கரையும். மழை மறைவுப் பிரதேசம் என்று பள்ளிக்கூடப் புவியியலில் படித்தது இதுதான்.

இதைப் படித்தவர், 'அப்படியானால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை தவிர்த்துவிட்டால் போதும்' என்று நினைக்கலாம். பாதி உண்மை. மீதிப் பாதியை அறிய, சராசரியை விட்டுவிட்டு அதன் இரு பக்கமும் எவ்வளவு அலைபாய்கிறது என்று பார்க்கவேண்டும். இந்தியா முழுமைக்குமான தென்மேற்குப் பருவமழை, தன் சராசரியிலிருந்து ஏறவும் இறங்கவும் செய்யும் அளவு ஏறத்தாழ 10 விழுக்காடு. தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழைக்கு அது 25 விழுக்காட்டை ஒட்டியிருக்கிறது. ஒரு பெரிய நாட்டையும் ஒரு மாநிலத்தையும் நேருக்கு நேர் ஒப்பிடுவது முழுக்கச் சரியில்லைதான், பரப்பு சுருங்கினாலே ஏற்ற இறக்கம் கூடும். ஆனாலும் வடகிழக்குப் பருவத்தின் அலைபாய்ச்சல் தனி ரகம். 2015-இல் தமிழகத்துக்கு அது இயல்பைவிட 53 விழுக்காடு கூடுதலாகப் பெய்தது, சென்னை மூழ்கியது. அடுத்த ஆண்டே, 2016-இல், இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. பதிவேடுகளில் அதைவிட மோசமான பருவத்தைத் தேடுவது கடினம். 2015 நவம்பரில் இராமேசுவரம் போனவரும் 2016 நவம்பரில் போனவரும் ஒரே ஊரைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்று நமக்குச் சந்தேகம் வரும்.

காரணம், இந்த மழை தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெய்கிற மழை இல்லை. வங்கக்கடலில் உருவாகும் தாழ்வுநிலைகள், மேலடுக்குச் சுழற்சிகள், கிழக்கிலிருந்து அலை அலையாக நகர்ந்து வரும் காற்றலைகள் ஆகியவைதான் இதைக் கொண்டுவருகின்றன. நான்கைந்து நாள் விடாமல் ஊற்றும், பிறகு பத்து நாள் பளிச்சென்று வெயில் அடிக்கும். ஒரு பருவத்தில் இத்தகைய சுழற்சிகள் எத்தனை வருகின்றன, எந்தக் கரையை நோக்கித் திரும்புகின்றன என்பதைப் பொறுத்து ஓர் ஊரின் மொத்த மழையே தலைகீழாகிவிடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. தூத்துக்குடி மாவட்டத்தின் ஓராண்டு மழையைவிட இது அதிகம். அதைக் கொண்டுவந்தது பெயர் வைக்கப்பட்ட புயல்கூட இல்லை, குமரிக்கடல் மேல் நின்ற ஒரு சுழற்சி.

இராமேசுவரத்துக்கே வருவோம். 2024 நவம்பர் 20 அன்று அந்தத் தீவில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் அதிகமாகக் கொட்டியது. பாம்பனில் மட்டும் முற்பகல் பதினொன்றரையிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் 19 சென்டிமீட்டர். அன்றைக்கும் புயல் இல்லை. மன்னார் வளைகுடாப் பகுதியில் ஒரு மேலடுக்குச் சுழற்சி, அதற்குள் திரண்ட ஒரு சிறிய மேகக்கூட்டம், அவ்வளவுதான். ஐம்பது கிலோமீட்டர் தள்ளியிருந்தவருக்கு அது வெறும் மழை நாள். மாதச் சராசரி என்ற ஒற்றை எண் இந்த இரண்டு அனுபவங்களையும் கூட்டி வகுத்து, இருவருக்கும் நேராத ஒன்றைக் காட்டுகிறது.

இனி காற்று. இராமேசுவரத்தின் பருவம் என்பது அடிப்படையில் இரண்டே காற்றுகளின் கதை. மே மாதத்தில் தொடங்கிச் செப்டம்பர் வரை தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசுவது மீனவர்களின் கச்சான். அக்டோபர் கடைசியில் திரும்பி, வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வீசுவது வாடை. இடையில் மார்ச், ஏப்ரலிலும், செப்டம்பர் கடைசி முதல் அக்டோபர் நடு வரையிலும் காற்று எந்தப் பக்கம் என்று முடிவு செய்யாமல் தயங்கும்.

கச்சான் இந்தப் பகுதியில் ஏன் அவ்வளவு வேகமாக அடிக்கிறது என்பது சுவையான சங்கதி. அரபிக்கடலிலிருந்து வரும் பருவக்காற்றுக்கு மேற்குத்தொடர்ச்சி மலை ஒரு சுவர். அந்தச் சுவர் குமரிக்கு அருகில் முடிகிறது. கிழக்கே இலங்கையின் மத்திய மலைகள் இன்னொரு சுவர். இரண்டுக்கும் இடையில் மன்னார் வளைகுடா ஒரு சந்துபோலத் திறந்திருக்கிறது. இரண்டு மாடி வீடுகளுக்கு இடையே உள்ள முடுக்கில் காற்று எப்படிப் பிய்த்துக்கொண்டு போகுமோ, அப்படியே அங்கே காற்று நெருக்குண்டு வேகம் கூடுகிறது. ஆரல்வாய்மொழியில் அத்தனை காற்றாலைகள் சுழல்வதற்கும் இதே இயற்பியல்தான் காரணம். ஜூன், ஜூலையில் சென்னை வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கையில் 'மன்னார் வளைகுடா, குமரிக்கடல் பகுதிகளில் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும்' என்று கிட்டத்தட்ட மனப்பாடமாகவே கேட்டிருப்பீர்கள். மழைக்கும் அதற்கும் தொடர்பில்லை. வானம் நீலமாக இருக்கும், கடல் மட்டும் கொந்தளிக்கும்.

இதை நேரில் பார்க்க அரிச்சல்முனையைவிடச் சிறந்த இடம் தமிழகத்தில் கிடையாது. தனுஷ்கோடியைத் தாண்டித் தென்கிழக்கு நோக்கி நீண்டு போகும் மணல் திட்டின் நுனி அது. 2017-இல் அங்கு வரை தார்ச்சாலை போட்டபின் பேருந்திலேயே போய் இறங்கிவிடலாம். சாலைக்கு வலப்பக்கம் மன்னார் வளைகுடா, இடப்பக்கம் பாக் நீரிணை. ஜூலை மாதம் ஒரு முற்பகலில் அங்கே நின்றால் வலப்பக்கத்தில் அலைகள் வரிசை கட்டி வந்து கல் தடுப்பில் மோதித் தூறலாகச் சிதறும், மணல் பறந்து கணுக்காலில் குத்தும், தொப்பி தலையில் நிற்காது. சாலையைக் கடந்து இடப்பக்கம் இறங்குங்கள். தண்ணீர் குளம் மாதிரி கிடக்கும். கரையோரத்தில் காலடி மணலின் நெளிவுகளைக்கூட எண்ணலாம். ஒரே நேரம், ஒரே வானம், சில நூறு மீட்டர் இடைவெளியில் இரண்டு கடல். உள்ளூர்க்காரர்கள் தெற்கே இருப்பதை ஆண் கடல் என்றும் வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்றும் சொல்வார்கள்.

அறிவியல் விளக்கம் எளிது. பாக் நீரிணைப் பகுதி ஆழமற்றது, பெரும்பாலான இடங்களில் பத்துப் பதினைந்து மீட்டருக்குள்தான். மூன்று பக்கமும் நிலம் அடைத்திருக்கிறது. வங்கக்கடலின் பெருங்கடல் அலைகளை இலங்கை தடுத்துவிடுகிறது. மன்னார் வளைகுடாவோ தெற்கே இந்தியப் பெருங்கடலை நோக்கித் திறந்திருக்கிறது, ஆழமும் ஆயிரம் மீட்டரைத் தாண்டிப் போகிறது. காற்று நீண்ட தூரம் நீர்ப்பரப்பின் மேல் ஓடினால்தான் அலை பெரிதாகும். கச்சான் காலத்தில் அந்த ஓட்டம் மன்னார் வளைகுடா பக்கம் முழுமையாகக் கிடைக்கிறது. வடகரைக்கு வரும்போது காற்று தீவைக் கடந்து கடலை நோக்கி வீசுவதால் அலை எழும்ப இடமே இல்லை.

வாடை தொடங்கியதும் எல்லாம் மாறும். பாக் நீரிணை கலங்கிப் பழுப்பாகும், குட்டையான அலைகள் அடுத்தடுத்து வரும், கோயில் கடற்கரையான அக்கினி தீர்த்தத்தில் படிக்கட்டு வரை தண்ணீர் ஏறும். தென்கரை அடங்கிவிடும். பெண் கடல் சாது என்று நம்பி டிசம்பரில் இறங்குவது தவறு. பெயர் எதுவானாலும் எந்தக் கடல் சாதுவாக இருக்கும் என்பதை முடிவு செய்வது அன்றைய காற்று. ஆகவே இராமேசுவரத்துக்குப் 'பருவம் தவறிப் போய்விட்டேன்' என்று வருந்த அவசியமில்லை. காற்றுக்கு மறைவான கரை ஏதாவது ஒரு பக்கம் பெரும்பாலான நாள்களில் இருக்கும். தீவில் அலைச்சறுக்குப் பட்டம் ஓட்டக் கற்றுத்தருகிறவர்கள் இதை முழுதாகப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். கோடைத் தென்காற்று ஒரு பருவம், டிசம்பர் முதல் மார்ச் வரையிலான வடகாற்று இன்னொரு பருவம் என்று கரை மாற்றி ஓட்டுகிறார்கள். குடும்பத்தோடு வருகிறவர் ஓடி ஒளியும் காற்றைத்தான் அவர்கள் விலைகொடுத்து வந்து தேடுகிறார்கள்.

'இராமேசுவரத்தில் கடல் உள்வாங்கியது, பக்தர்கள் அச்சம்' என்று அவ்வப்போது செய்தி வருமே, அதற்கும் பெரும்பாலும் இந்தக் காற்றும் ஓதமும் சேர்ந்ததுதான் காரணம். ஆழமற்ற கடலில் காற்று ஒரு பக்கமாகத் தள்ளினால் நீர் எதிர்க்கரையில் குவியும், இந்தக் கரையில் பாறையும் பாசியும் வெளியே தெரியும். காற்று தணிந்தால் நீர் திரும்பிவிடும். அதைப் பார்த்ததும் பயணத்தை ரத்து செய்யவேண்டியதில்லை. ஆனால் நீர் வடிந்து கிடக்கும் பகுதியில் வெகுதூரம் நடந்து போகாதீர்கள்.

ஆழமற்ற கடலின் இதே குணம்தான் 1964-இல் கொடுமையாக வேலை செய்தது. தெற்கு அந்தமான் கடல் பகுதியில் உருவாகி, நிலநடுக்கோட்டுக்கு மிக அருகிலேயே வலுப்பெற்ற அந்தப் புயல், இலங்கையில் வவுனியாவை ஒட்டிக் கடந்து டிசம்பர் 22 இரவு பாக் நீரிணைக்குள் நுழைந்தது. ஆழ்கடலில் புயல் தள்ளும் நீர் அடியில் திரும்பி ஓட இடமிருக்கும். பத்து மீட்டர் ஆழமுள்ள கடலில் அந்த வழி இல்லை, நீர் குவிந்துகொண்டே போகும். ஏழு மீட்டர் உயரத்துக்கு அலை எழும்பியதாகப் பதிவுகள் சொல்கின்றன. பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் ரயில் தனுஷ்கோடியை நெருங்குமுன் கடலோடு போயிற்று. ஊரே போயிற்று. இடிந்த தேவாலயத்தின் முன் நின்று செல்பேசியில் படம் எடுக்கும்போது, நம் தாத்தா பாட்டி காலத்து மனிதர்கள் அங்கே வாழ்ந்தார்கள் என்பதை ஒரு கணம் எண்ணிக்கொள்ளவேண்டும் என்று நான் கேட்டுக்கொள்வேன்.

இப்போது முன்னறிவிப்பு பல மடங்கு மேம்பட்டிருக்கிறது. புயலின் பாதையை 24 மணி நேரத்துக்கு முன்பு இந்திய வானிலை ஆய்வுத் துறை கணிக்கும்போது ஏற்படும் சராசரிப் பிழை 100 கிலோமீட்டருக்குக் கீழே வந்துவிட்டது. உயிர்களைக் காப்பதற்கு அது மகத்தான சாதனை. பயணத் திட்டத்துக்கு அது போதாது. இராமேசுவரம் தீவின் நீளமே சுமார் 30 கிலோமீட்டர்தான். 2020 டிசம்பரில் புரெவி புயல் திருகோணமலை அருகே கரையேறி, இலங்கையைத் தாண்டி மன்னார் வளைகுடாவுக்குள் வந்தது. பாம்பனுக்கும் குமரிக்கும் இடையே கரையைக் கடக்கும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். இராமநாதபுரத்துக்கு அருகில் கடலிலேயே அது நகராமல் நின்றது, நின்ற இடத்திலேயே வலுவிழந்தது. அதனால் பெருமழை கொட்டியது எங்கே தெரியுமா? இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால், சிதம்பரத்தில்.

பாம்பனுக்குப் போகிறவர்கள் துறைமுக அலுவலகக் கொடிமரத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டைப் படிக்கக் கற்றுக்கொள்வது நல்லது. செய்தியில் தினமும் கேட்டாலும், எண்களின் பொருள் பலருக்குத் தெரிவதில்லை. பகலில் கூம்பும் உருளையுமாகத் தொங்கும் கூண்டுகள், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். ஒன்றும் இரண்டும் தொலைவில் கடலில் ஏதோ உருவாகியிருக்கிறது என்று கப்பல்களுக்குச் சொல்பவை, துறைமுகத்துக்கு உடனடி ஆபத்து இல்லை. மூன்றும் நான்கும் உள்ளூர் எச்சரிக்கை, பலத்த காற்றும் மோசமான வானிலையும் துறைமுகத்தையே தாக்கக்கூடும். ஐந்திலிருந்து ஏழு வரை அபாயம். புயல் துறைமுகத்தின் எந்தப் பக்கமாகக் கடக்கும், நேராகவே வருமா என்பதைப் பொறுத்து எண் மாறும். எட்டிலிருந்து பத்து வரை அதே கணக்கில் பெரும் அபாயம். பதினொன்று ஏறினால் வானிலை மையத்தோடு தொடர்பே அற்றுவிட்டது என்று பொருள். ஒன்றாம் எண்ணைப் பார்த்து அலறவேண்டாம். மூன்றாம் எண் ஏறினால் தனுஷ்கோடிப் பயணத்தைத் தள்ளிவைத்துவிடுங்கள். ரயிலும் அப்போது உறுதியில்லை. 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவந்தார்கள். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலம் உறுதியில் பலபடி மேலானது என்றாலும், கடல் நடுவே இரண்டு கிலோமீட்டர் ஓடும் ரயிலுக்குக் காற்று எப்போதும் பொருட்படுத்தவேண்டிய ஒன்றுதான்.

மழைக்காலத்துக்குள்ளேயே ஒரு நுணுக்கம் உண்டு. வடகிழக்குப் பருவத்தில் தமிழகக் கரையோர மழைக்குப் பின்னிரவும் விடியற்காலையும் பிடித்த நேரம். இரவில் நிலம் குளிர்ந்து, கரையிலிருந்து கடலை நோக்கி மெல்லிய காற்று கிளம்பும். எதிரே கடலிலிருந்து ஈரம் சுமந்த வாடை வரும். இரண்டும் கரையோரத்தில் முட்டி மேலெழும்பி மேகமாகிக் கொட்டும். வெயில் ஏறியதும் அந்த மோதல் தளரும். நவம்பரில் விடிகாலை மழையைப் பார்த்து அன்றைய நாளையே கைவிடாமல், பத்து மணிக்கு மறுபடி வானத்தைப் பாருங்கள். இது பெரும்பான்மைப் போக்குதான், சட்டமில்லை. மேலே சொன்ன 2024 நவம்பர் மழை கொட்டியது நண்பகலில்.

கோடை விடுமுறைக்காரர்கள் அறியவேண்டிய ஆபத்து வேறு. ஏப்ரல், மேயில் காற்றே இல்லாத, தெளிந்த வானமுள்ள நாளில்கூடக் கடல் திடீரென்று பொங்கிக் கரையேறலாம். கேரளத்திலும் குமரியிலும் இதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். 2012-இல் யுனெஸ்கோவும் இந்தப் பெயரை அறிவியல் பயன்பாட்டுக்கு ஏற்றுக்கொண்டது. இதன் பிறப்பிடம் தென் இந்தியப் பெருங்கடல். அங்கே வீசும் பெரும் சூறைக்காற்று கிளப்பிவிடும் நீண்ட அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வருகின்றன. ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் 18 விநாடி இடைவெளி என்று வைத்துக்கொண்டால், அந்த அலைக்கூட்டம் மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வேகத்தில் பயணிக்கும். 5,000 கிலோமீட்டர் கடக்க நான்கு நாள். அங்கே புயல் ஓய்ந்த பிறகு, இங்கே ஒரு சலனமும் இல்லாத பிற்பகலில் அலை வந்து சேரும். 2024 மே 6 அன்று குமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோனது. அந்த நாள்களில் கள்ளக்கடல் எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. அதை நினைக்கும்போதெல்லாம் மனம் ஆறவில்லை. ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையம் இந்த எச்சரிக்கைகளை இரண்டு மூன்று நாள் முன்கூட்டியே வெளியிடுகிறது. வானத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத ஆபத்து இது என்பதால், எச்சரிக்கையைத் தேடிப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை. பாக் நீரிணை பக்கம் இதன் தாக்கம் மிகக் குறைவு. மன்னார் வளைகுடா பக்கம் திறந்த கரைகளில் கவனம் தேவை.

சரி, மூன்று மாதத்துக்கு முன்பே பயணச்சீட்டு எடுக்கவேண்டியவர் என்னதான் செய்வார்? அவ்வளவு முன்னால் எந்த அறிவியலாலும் ஒரு குறிப்பிட்ட நாளின் வானிலையைச் சொல்ல முடியாது. கருவி போதாமையால் வந்த குறை என்று இதை நினைக்கவேண்டாம். வளிமண்டலத்தில் தொடக்கத்தில் உள்ள நுண்ணிய பிழைகள் நாளுக்கு நாள் பெருகி, ஏறத்தாழ இரண்டு வாரத்தில் கணிப்பை விழுங்கிவிடும் என்பதை எட்வர்ட் லோரன்ஸ் 1960-களிலேயே காட்டிவிட்டார். அதற்கு அப்பால் கிடைப்பது வாய்ப்புக் கணக்கு மட்டுமே. எல் நினோ ஆண்டுகளில் வடகிழக்குப் பருவமழை கூடுதலாகப் பெய்யும் போக்கு உண்டு, 2015 அப்படிப்பட்ட ஆண்டு. ஆனால் எல் நினோவுக்கு நேர் எதிரான லா நினா நிலவிய 2021-இல் தமிழகத்துக்கு 59 விழுக்காடு கூடுதல் மழை கிடைத்தது. ஆக, 'இது லா நினா ஆண்டு, மழை இருக்காது' என்று யாராவது உறுதியாகச் சொன்னால் நம்பிக் கிளம்பாதீர்கள்.

என் தேர்வைக் கேட்டால் தயங்காமல் சொல்வேன்: பொங்கலுக்குப் பிறகு ஒரு வாரம் விட்டு, மார்ச் நடு வரை. சராசரி நன்றாக இருக்கிறது என்பதைவிட, வருடத்துக்கு வருடம் அதிகம் ஏமாற்றாத பருவம் இது. ஜனவரியில் எப்போதாவது தாழ்வுநிலை ஒன்று வரும். பிப்ரவரியில் அதுவும் அரிது, வங்கக்கடலில் புயல் உருவாவது மிகவும் அபூர்வமான மாதம் அது. வாடை தளர்ந்துவிடும், கச்சான் இன்னும் எழுந்திருக்காது, இரண்டு கடலும் ஒருசேர அடங்கும் அரிய வாரங்கள் பிப்ரவரி கடைசியிலும் மார்ச் தொடக்கத்திலும் அமையும். தனுஷ்கோடிச் சேற்று நிலத்தில் பூநாரைகள் கூட்டமாக மேயும் காலமும் இதுதான். 2025 ஜூனில் அந்தப் பகுதியைப் பூநாரைகளுக்கான சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்திருக்கிறது. பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் இரவுகளும் இந்த மாதங்களில்தான் வருகின்றன. தை அமாவாசைக் கூட்டத்தை மட்டும் நாள்காட்டியில் பார்த்துத் தவிர்த்துக்கொள்ளுங்கள், அல்லது அதற்காகவே போங்கள்.

பள்ளி விடுமுறையில் மட்டுமே போக முடிந்தவர்கள் மே மாதத்துக்கு அஞ்சவேண்டாம். மதுரையில் 40 டிகிரி கொதிக்கும்போது, சுற்றிலும் கடல் இருப்பதால் பாம்பனில் 34, 35-க்கு மேல் ஏறுவது குறைவு. புழுக்கம் இருக்கும், இரவிலும் விடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் என்பதால் பெரிய மீன்கள் வரத்து சுருங்கி, உணவகத்தில் விலையும் ஏறியிருக்கும். நாட்டுப்படகில் வரும் மீனைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். குளிப்பதானால் வடகரையில், காலை பத்து மணிக்குள். அரிச்சல்முனையில் எந்த மாதமும் குளிக்கவேண்டாம். இரண்டு கடலின் நீரோட்டங்கள் சந்திக்கும் அந்த நுனியில் மணல் இடம் மாறிக்கொண்டே இருக்கும். நேற்று முழங்கால் அளவு இருந்த இடம் இன்று ஆளை மூழ்கடிக்கும்.

நவம்பரில்தான் போயாகவேண்டும், நேர்த்திக்கடனோ குடும்பக் காரியமோ இருக்கிறது என்றால், கட்டாயம் இரண்டு நாள் கூடுதலாக ஒதுக்குங்கள். பயணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது வங்கக்கடலில் தாழ்வுநிலை உண்டா என்று மட்டும் பாருங்கள், நாள்வாரி மழைக் கணிப்பில் தலையை நுழைக்கவேண்டாம். மூன்று நாள் இருக்கும்போது அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். முந்தின நாள் மீனவர் எச்சரிக்கையையும் பாம்பன் கூண்டையும் விசாரியுங்கள். தீவுக்குப் போய்ச் சேர்ந்தபின் தெருவில் வலை பின்னிக்கொண்டிருப்பவர் யாரிடமாவது 'அண்ணே, இன்னிக்குக் காத்து எந்தப் பக்கம்?' என்று கேளுங்கள். வாடை என்றால் தென்கரைக்குப் போங்கள், கச்சான் என்றால் வடகரைக்கு. கோயிலுக்கு எந்தக் காற்றிலும் போகலாம்.